இருபத்திரண்டு சென்ட் தண்ணீர்

கரமனை, திருவனந்தபுரம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மஹேஷுக்கு,

ஸ்ரீலக்ஷ்மி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பொன்முடியில் கர்க்கடக மாத மழை விடாமல் பெய்கிறதாம். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் கொடுத்த போர்வை போதுமா?

ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரத்துக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன வாரம் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "சாப்டேளா?", "ஆச்சு, நீ?" என்பதோடு இரண்டு பேரும் வாயடைத்துப் போனோம். எழுதினால் அந்த மௌனத்தைக் கேட்க வேண்டாம்.

நாளையோடு ஐந்து மாதம், நம் பெண் ஜானவி நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் முழுகிப் போய். அடுத்த மாதமே நீங்கள் ஹெட் ஆபீஸிலிருந்து எஸ்டேட் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நானும் சமையலறையின் பின் ஜன்னலை ஜூன் வரை திறக்கவில்லை.

இப்போது விஷயம். ஆபீஸில் என் டீமில் வினீத் என்று ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை எண்ணப் போகிறவன். நகரத்துக்குள் மிச்சமிருக்கும் சின்னக் குளங்களைச் சுத்தப்படுத்தி, பறவையும் ஆமையும் வாழ்கிற இடமாக மீட்டெடுக்க ஒரு டிரஸ்ட் மானியம் தருகிறதாம். தனியார் குளமாக இருந்தாலும் தருவார்கள். உரிமையாளர் சம்மதக் கையெழுத்து வேண்டும். உங்கள் அப்பா எழுதிவைத்த அந்தக் குளம், இருபத்திரண்டு சென்ட், உங்கள் பெயரில்தானே இருக்கிறது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். செப்டம்பர் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும்.

உடனே பதில் வேண்டாம். யோசித்து எழுதுங்கள். வெந்நீரே குடியுங்கள்.

ஸ்ரீ


பொன்முடி
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸ்ரீ,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். இருமல் இருக்கிறது, மோசமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே மேகம் ஆபீஸுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பைலெல்லாம் ஈரம். கொளுந்து எடுக்கிற பெண்கள் அட்டைக் கடிக்குக் காலில் உப்பு தேய்த்துக்கொண்டு போகிறார்கள். மலைப்பாதையில் மண் சரிந்ததால் இரண்டு நாள் பஸ் வரவில்லை.

கிழக்கு அறையில் ஒழுகுகிறதா? ஓடு மாற்ற ஆள் வேண்டுமானால் ஆரியசாலையில் பூதலிங்கம் கடையில் சொன்னால் அனுப்புவார். கேஸ் புத்தகம் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மஹேஷ்


கரமனை
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மஹேஷுக்கு,

நலமாக இருக்கிறேன். கிழக்கு அறை ஒழுகவில்லை. கேஸ் புத்தகம் கிடைத்தது. நான் கேட்டது அது இரண்டுமில்லை.

நேற்று வினீத் காலை ஆறு மணிக்கே வந்து குளக்கரையில் உட்கார்ந்தான். எட்டரை மணிவரை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு தாளை நீட்டினான். முக்குளிப்பான் இரண்டு ஜோடி, கொக்கு ஐந்து, மீன்கொத்தி, பால் ஆமை, தண்ணீர்ப்பாம்பு. கடைசியில் நீலக்கோழி, பதினொன்று. "ஊருக்கு நடுவுல இத்தனை நீலக்கோழி நான் பாத்ததே இல்லை சேச்சி" என்றான். நம் வீட்டில் ஒருத்திக்கு அது எப்போதோ தெரியும் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

குளம் முழுவதும் ஆகாயத்தாமரை. நடுவில் ஒரு துண்டைத் தவிர, உள்ளங்கை அளவுகூடத் தண்ணீர் தெரியவில்லை. அதை வாரியெடுத்து, தூர்வாரி, கரையில் தாழையும் நாணலும் வைத்து, இறங்குகிற இடத்தில் படிகட்டி, சுற்றிலும் இடுப்பளவு கம்பி போடுவது வரைக்கும் மானியத்தில் செய்யலாம். நான் ராத்திரி பகலாக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு பக்கம் ஆகிவிட்டது.

தெருவில் பேசுகிறார்கள். மாமி ஒருத்தர் என் காதுபடவே சொன்னார்: "பெத்த கொழந்தையை முழுங்கின கொளத்துக்கு அலங்காரம் பண்றாளாம்." அடுத்த வீட்டில் சமையல் செய்யும் எலிசாள் மட்டும் வந்து என் பக்கத்தில் நின்றாள். "அவுங்க சொல்லிற்றுப் போட்டும்மா. நீங்க வேலையப் பாருங்க" என்றாள்.

படிவம் ஈரத்தில் நனைந்திருந்தால் சொல்லுங்கள், வேறொன்று அனுப்புகிறேன்.

ஸ்ரீ


பொன்முடி
19 செப்டம்பர் 2024

ஸ்ரீ,

நான் இருக்கிறேன். நீ எப்படி?

பதில் எழுத நாளாகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இனி நேராகவே சொல்கிறேன்.

அந்தக் குளத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. எத்தனை கொக்கு, எத்தனை கோழி என்று நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய். எனக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியவில்லை. அது மூட வேண்டிய இடம். மண்ணைக் கொட்டி மூடி, அங்கே ஒரு குளம் இருந்தது என்றே யாருக்கும் தெரியாதபடி செய்ய வேண்டும். ஒரு தாய்க்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

அந்த மாமி சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

மஹேஷ்


கரமனை
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மஹேஷுக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போகவில்லை. இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது. நலமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

அன்றைக்கு நடந்ததை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே கிடையாது. என் பக்கத்தை நான் சொல்கிறேன். நீங்கள் போன் செய்தபோது ஐந்தேகால். கழக்கூட்டத்தில் பஸ் ஏறியிருந்தேன். ஹைவேயில் வண்டிகள் நகரவே இல்லை. இறங்கி ஓடி, ஒரு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது ஃபயர் ஃபோர்ஸ் ஆட்கள் எதிர்க்கரையில் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் ஆழம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முங்கி எழுந்த ஒருவர் முகத்திலிருந்து இலையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் காணான் பற்றுந்நில்ல" என்று கத்தினார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். ஒரு மணி நாற்பது நிமிஷம் தேடினார்கள். அவள் எங்கே இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். நம் கரையிலிருந்து ஆறடி.

ஆறடி, மஹேஷ். தண்ணீர் தெரிந்திருந்தால் முதலில் வந்த எலிசாளே பார்த்திருப்பாள். அதற்கும் முன்னால், கரை எங்கே முடிகிறது என்று தெரிந்திருந்தால் ஜானவி காலையே வைத்திருக்க மாட்டாள். பச்சைப் பசேல் என்று பூவோடு புல்தரை மாதிரி இருந்தது. தரை என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறாள். ஒன்பது வயது.

குளம் அவளைக் கொல்லவில்லை. நாம் இருபது வருஷமாக அதைத் திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் கொன்றது. அதனால்தான் கம்பியும் படியும் தெளிந்த தண்ணீரும் கேட்கிறேன். கொக்குக்காக மட்டும் என்று நினைத்தீர்களா?

நீங்கள் அறைக்குள் லேப்டாப்பில் இருந்தீர்கள், அவள் சொல்லாமல் போய்விட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்கள். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

ஸ்ரீ


பொன்முடி
26 செப்டம்பர் 2024

அன்புள்ள ஸ்ரீ,

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். தபாலில் போனால் நேரமாகும் என்று பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தம்பானூர் டிப்போவில் போய் வாங்கிக்கொள்.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

இருமல் குறைந்திருக்கிறது.

மஹேஷ்


கரமனை
16 டிசம்பர் 2024

அன்புள்ள மஹேஷுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? அக்டோபரிலும் நவம்பரிலும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. குளிர்கால வேலை அதிகமோ என்று எடுத்துக்கொண்டேன். நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். எலிசாள் தினமும் ஏதாவது ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்.

மஹேஷ், மானியம் கிடைத்துவிட்டது.

எழுபத்துமூன்று விண்ணப்பத்தில் நாலு. அதில் நம்முடையது ஒன்று. போன மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கோமதிநாயகம் என்று ஒரு பெரியவர், தென்காசிப் பக்கத்துக்காரர், மீன்களைப் பற்றிப் படித்தவர். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"இதுல பாதுகாப்புன்னு ஒரு பகுதி எழுதியிருக்கியேம்மா. ஒரு விபத்துன்னு ஒத்த வரி இருக்கு. யாரு?"

"என் பொண்ணு சார்."

பேனாவை மூடினார். "பெறகும் இந்தக் கொளம்தான் வேணுமா ஒனக்கு?"

"வேற கொளத்துல என்னத்த சார் நான் சரிபண்ண முடியும்?" என்றேன்.

அவர் விண்ணப்பத்தை நகர்த்தி வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள்தான் தூர்வாருவது, செலவு விவரம் என்று கேட்டார்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மானியக் கடிதம் வந்த அன்றைக்கு மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பசித்தது. தோசை வார்த்து நின்றபடியே நாலு சாப்பிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம். முதலில் நம் கரையிலிருந்து ஆகாயத்தாமரையை வாருகிறோம். நீங்கள் வர வேண்டும். குளத்துப் பக்கம் வர வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள். மத்தியானம் நான் உள்ளே வரும்போது வீட்டில் யாராவது இருந்தால் போதும்.

உங்கள் நீலச் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

ஸ்ரீ


பொன்முடி
3 ஜனவரி 2025

ஸ்ரீ,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு யோக்யதை இல்லை. ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் எழுத மாட்டேன்.

குளம் இப்போது நம்முடையது இல்லை. மே மாதம், நான் இங்கே வந்த புதிதில், ஒரு பில்டர் தேடி வந்தார். நம் இடத்துக்குப் பின்னால் அபார்ட்மென்ட் கட்டுகிறவர். மூடிவிடுவீர்களா என்று மட்டும் கேட்டேன். மழைக்காலம் முடிந்ததும் ஒரே வாரத்தில் மூடிவிடுவேன் என்றார். அவர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். விற்பனை ஒப்பந்தம், அதோடு அவரே பதிவு செய்துகொள்ளப் பவர். பத்திரத்தில் அது குளம் என்றே இல்லை, வெறும் மனை என்றுதான் இருக்கிறது. அதனால் அவருக்கு ஒரு தடையும் இல்லை.

உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அவர் பவரை வைத்துக்கொண்டு நவம்பரில் தன் பெயருக்கே ரிஜிஸ்டர் செய்துவிட்டார். நவம்பரிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். உனக்கு மானியம் கிடைக்காது, அதோடு எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். கிடைத்துவிட்டது.

இதைவிடப் பெரியது இன்னொன்று இருக்கிறது. அவள் சொல்லாமல் போகவில்லை, ஸ்ரீ. என் அறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, நீலக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கும் போலிருக்கு, வந்து பாரேன்" என்றாள். மீட்டிங்கில் என் முறை வந்துவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றேன். நான்தான் போகச் சொன்னேன். போலீஸிடமும் உன்னிடமும் வேறு மாதிரி சொன்னேன். அந்த இடத்தை மூடிவிட்டால் நான் சொன்ன வார்த்தையும் மூடிவிடும் என்று நினைத்தேன்.

நான் பன்னிரண்டாம் தேதி வரவில்லை. வந்து உன் முகத்தைப் பார்க்க முடியாது.

மஹேஷ்


கரமனை
2 பிப்ரவரி 2025

மஹேஷுக்கு,

உங்கள் கடிதம் ஜனவரி எட்டாம் தேதி வந்தது. லாரிகள் ஏழாம் தேதி வந்தன.

ஆபீஸில் இருந்தேன். எலிசாள் போனில் கத்தினாள். "எம்மா, கொளத்துல மண்ணு தட்டுகானுவ! ரெண்டு லாறி வந்தாச்சு. நீங்க அறிஞ்சா செய்யிது?" வினீத்தையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். சூப்பர்வைசர் ஒருவர் பேப்பரை எடுத்துக் காட்டினார். "ஓனர் ஒப்பிட்டுத் தந்ததாக்கும் சேச்சி. ஞங்ஙள்ட தப்பில்ல" என்றார். அடியில் இருந்த உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா. அது போலி என்று ஒரு நிமிஷம் சண்டை போட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார்கள். வினீத்தும் நானும் உள்ளே இறங்கினோம். நான் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கழுத்தளவு. அவளுக்குத்தான் அது ஆழம். இலைக்கு அடியில் கைவிட்டுத் தடவி நாலு ஆமையைப் பிடித்தோம். ராத்திரிக்கு முன் கொண்டுபோய் வெள்ளாயணிக் காயலில் விட்டோம். பறவைகள் பறந்துவிட்டன. கூடுகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கூட்டில் முட்டை இருந்தது. அதன்மேல் மண் விழுந்ததை நான் பார்த்தேன்.

டிரஸ்ட்டுக்கு எழுதி மானியத்தைத் திருப்பிவிட்டேன். காரணம் என்ற இடத்தில், "இடம் இப்போது இல்லை" என்று எழுதினேன்.

இனி உங்கள் கடிதத்துக்குப் பதில். நீங்கள் இரண்டு விஷயத்தை மறைத்தீர்கள். பெரியது என்று நீங்கள் சொல்வது எனக்கு அன்றைக்கே தெரியும். அன்று 3.52க்கு அவள் தன் டேப்லெட்டிலிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அம்மா, அப்பாவுக்கு மீட்டிங். நீயே போய்ப் பாத்துட்டு வான்னுட்டா. எத்தனை குஞ்சு விரிஞ்சிருக்குன்னு எண்ணிட்டு வந்து சொல்றேன், கேட்டியா?" நானும் மீட்டிங்கில்தான் இருந்தேன். பஸ்ஸில் ஏறின பிறகு கேட்டேன். கேட்டு முடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது.

நீங்கள் போலீஸிடம் வேறு மாதிரி சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று எந்த அப்பாதான் சொல்ல மாட்டார்? அந்தச் செய்தியில் அவளுக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. எனக்கும் இல்லை. அன்றைக்கே மன்னித்துவிட்டேன். நீங்களாகச் சொல்கிற நாளில் கையைப் பிடித்து இதைச் சொல்ல வேண்டும் என்று பத்து மாதம் காத்திருந்தேன்.

ஆனால் மற்றது. நான் இருபத்தாறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது அது விற்றுப் போயிருந்தது. நான் தோசை தின்றபோது அது வேறொருவர் பெயரில் இருந்தது. அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மஹேஷ். முயற்சி செய்கிறேன். இதுவரை முடியவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி


பொன்முடி
7 மார்ச் 2025

ஸ்ரீ,

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமலேயே எழுதத் தொடங்கி, இப்போது புது விலாசம் கிடைத்து முடிக்கிறேன்.

நேற்று முன்தினம், அவள் போன நாளன்று, முதல் பஸ்ஸில் கரமனைக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. எலிசாள் வந்து, நீ கழக்கூட்டத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். விலாசம் கேட்டேன். "அவுங்ககிட்ட கேக்காத தந்தேன்னு ஆவுமே" என்றாள். கடைசியில், கடிதம் மட்டும் போடுவேன், நேரில் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தந்தாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். தகரம் அடித்திருக்கிறார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தால் செம்மண், சமமாக. என்னிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்து, என் அறை வாசலில் போய் நின்றேன். மண் மூடியாகிவிட்டது. வார்த்தை அப்படியே இருக்கிறது. "நீ போய்ப் பாத்துட்டு வா." அந்த வீட்டில் நான் அரை மணி நேரம்கூட இருக்க முடியவில்லை.

பில்டரைப் பார்த்து, திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார்.

உனக்குத் தெரிந்தே பத்து மாதம் என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். நான் அந்தப் பத்து மாதமும் உன்னிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன். பதில் போட வேண்டாம். மாதம் ஒரு கடிதம் நான் போடலாமா என்பதற்கு மட்டும் ஒரு வரி எழுது.

மஹேஷ்


கழக்கூட்டம்
30 மார்ச் 2025

அன்புள்ள மஹேஷுக்கு,

எலிசாளை நான் கோபித்துக்கொள்ளவில்லை. நலமாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாப்பாட்டில் உப்பு அதிகம், மற்றபடி குறையில்லை. உங்களுக்கு மறுபடி இருமல் என்று எலிசாள் சொன்னாள். நெடுமங்காட்டில் டாக்டரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

நான் திருப்பிய மானியத்தை, பட்டியலில் அடுத்ததாக இருந்த ஒரு குளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நேமம் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். கோமதிநாயகம் சாரே போன் செய்து, "ஒன் விண்ணப்பத்துல பாதுகாப்புப் பகுதிய அப்படியே எடுத்து அவுங்களுக்குக் குடுக்கலாமாம்மா?" என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன்.

போன வாரம் கரையில் மூன்று குழந்தைகள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. குழந்தைகள் அழுதுகொண்டு ஓடிவிட்டார்கள். அதில் ஒரு பெண்ணின் அம்மா சண்டைக்கு வந்தாள். "எம் புள்ளய வெரட்டுகதுக்கு நீ ஆரு?" என்று கேட்டாள். நான் யாரென்று சொன்னேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, சாயங்காலம் வரை என்னோடு ஆகாயத்தாமரை வாரினாள்.

அங்கே படி கட்டுவதற்கு முன்பே கம்பி போட்டாகிவிட்டது. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு: எழுதுங்கள். மாதம் ஒன்று வேண்டாம், தோன்றும்போதெல்லாம் எழுதுங்கள். அவளைப் பற்றி எழுதுங்கள், உங்களைத் தவிர எனக்கு அவளைப் பற்றி எழுத வேறு யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் படிப்பேன். பதிலும் போடுவேன்.

ஆனால் வராதீர்கள். மேலே எழுதிய இத்தனையையும் உட்கார்ந்து எழுத முடிகிறது. நீங்கள் எதிரே வந்து நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீ